சுத்தமான சீப்பு

மற்ற ஊர்களிலெல்லாம் துக்கம் முதலில் வரும், முடி பிறகு கொட்டும். நெட்டூரணியில் மட்டும் அந்த வருஷத்துச் சித்திரையிலிருந்து முடி முதலில் கொட்டியது, துக்கம் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. ஊரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஒரு கட்சியும், புதிதாக நட்ட செல்போன் டவர்தான் என்று இன்னொரு கட்சியும் டீக்கடையில் ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். தொண்டை வற்றியதும் இரண்டு கட்சிக்காரர்களும் வீட்டுக்குப் போய் அவரவர் பெண்டாட்டியின் சீப்பை எடுத்துப் பார்த்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது சவுரி கட்டுகிற மாடத்திதான். சீப்பில் வரும் முடியை உருட்டிச் சுவரோட்டையில் செருகி வைத்திருந்து, தெருவில் மாடத்தியின் குரல் கேட்டதும் எடுத்துக் கொடுத்து ஊக்கோ ஹேர்பின்னோ வாங்கிக்கொள்வது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். அந்த முடியைச் சிக்கெடுத்து, அலசி, காயவைத்துத்தான் மாடத்தி கல்யாணப் பெண்களுக்குச் சவுரி கட்டுவாள். எந்த வீட்டு உருண்டை எலுமிச்சை அளவு, எந்த வீட்டு உருண்டை விளாம்பழ அளவு என்று அவள் கைக்கே தெரியும். விளாம்பழ அளவில் முடி கொடுத்த வீடுகளுக்கு மூன்று மாதம் கழித்து அவள் போனபோதெல்லாம் வாசலில் பந்தல் போட்டிருந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன, முடி கொடுத்தவள் உள்ளே சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஐந்தாவது பந்தலைப் பார்த்ததும் மாடத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கிளினிக்குக்குப் போய், அங்கே ரத்தம் எடுக்கிற சண்முகவடிவிடம் சொன்னாள்.

"எக்கா, சொன்னா கிறுக்கின்னு நெனப்பிய. இந்த ஊர்ல முடி முந்திக்கிட்டு அழுவுது."

வடிவு அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கும் கொஞ்ச நாளாக அந்தச் சந்தேகம் இருந்தது. வடிவுக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷமாக அந்த லேபில் ஊசி பிடிக்கிறவள், குத்தினது தெரியாமல் குத்துவாள் என்று பெயர் வாங்கியவள். புதன்கிழமை தோறும் திருநெல்வேலியிலிருந்து வருகிற ஹார்மோன் டாக்டர் எஸ்தர், முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களிடம் கேட்கிற முதல் கேள்வி வடிவின் காதில் ஆயிரம் தடவை விழுந்திருக்கிறது: "மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்ல ஏதாவது நடந்துச்சாம்மா?" பெரிய காய்ச்சலோ, பிரசவமோ, சாவோ உடம்பை உலுக்கினால் வளர்ந்துகொண்டிருக்கிற முடியெல்லாம் மொத்தமாகத் தூங்கப் போய்விடும், மூன்று மாதம் தூங்கிவிட்டுக் கொத்துக் கொத்தாகக் கழன்று விழும், அதற்குள் உலுக்கியது எது என்பதே ஆளுக்கு மறந்துபோயிருக்கும், அதற்காகத்தான் அந்தக் கேள்வி. அந்த வருஷம் வந்த பெண்களோ, "ஒண்ணும் நடக்கலியே டாக்டரம்மா, நல்லாத்தான இருக்கோம்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, இன்னும் மூன்று மாதத்துக்கு அவர்கள் நல்லாத்தான் இருந்தார்கள்.

டாக்டர் எஸ்தர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. காரணம் தெரியாமல்தான் பாதி வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு, சீட்டின் ஓரத்தில் முடி கொட்டத் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"கொட்டுற முடியெல்லாம் சேதி கிடையாது. தைராய்டுல கொட்டும், இரும்புச்சத்து இல்லன்னா கொட்டும், நீர்க்கட்டி இருந்தா கொட்டும், பிள்ள பெத்தா ஹார்மோன் இறங்கிக் கொட்டும், விலக்கு நிக்கிற வயசுல கொட்டும். இதுக்கெல்லாம் மாத்திரை இருக்கு. முதல்ல ரத்தத்தப் பாருங்க. சும்மாவே ஒரு நாளைக்கு அம்பது நூறு முடி விழத்தான் செய்யும், விழணும். அதுக்கும் பயந்து செத்துராதீங்க."

அப்படித்தான் நெட்டூரணியில் வியாதிக்கு லட்டு கொடுக்கிற வழக்கம் வந்தது. ரிப்போர்ட்டில் தைராய்டு என்று வந்தால் அந்த வீட்டு ஆண்கள் பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடைக்கு ஓடினார்கள், நீர்க்கட்டி என்று வந்தால் மாமியார்க்காரி மருமகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், ரத்தசோகை என்று வந்த ஒருத்தியை மேளம் வைத்துக் கூட்டிப்போனார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால்தான் லேப் வாசலிலேயே ஒப்பாரி தொடங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜிக்கு முன்னால் சீப்பைக் கேட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே வீட்டுக்காரியின் உச்சி வகிட்டை நோட்டம் விட்டார்கள். முடி இருந்தால்தானே கொட்டும் என்று சிலர் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்குப் புருவம் கொட்டியது. வழுக்கைத் தலையர்களுக்குத்தான் யோகம். அது ஆண் ஹார்மோன் செய்கிற வேலை, அதில் சேதி கிடையாது என்று டாக்டரே சொல்லிவிட்டதால், முப்பது வயதிலேயே தலை பளபளத்துப்போன வடிவின் புருஷன் குற்றாலிங்கம் அரிசி ஆலையில் பெரிய மனுஷனாகிவிட்டார். ஜாடிக்கு மூடி போட்டமாதிரி இருந்த தன் மீசையை முறுக்கிக்கொண்டு, "கடவுள் எனக்கு இடம் பாத்துத்தான் முடி வச்சிருக்கான்" என்று சொல்லித் திரிந்தார்.

வடிவின் தலையோ இடுப்புக்குக் கீழே தொங்குகிற கருநாகம். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வயதில் மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது, சின்ன வெங்காயச் சாறும் செம்பருத்தி எண்ணெயும் தடவிக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். இவள் பின்னலைப் பிடித்து இழுத்து, "யாருட்ட திருடுன?" என்று கேலி செய்வார்கள்.

இனி வடிவு செய்த தப்பைச் சொல்ல வேண்டும். தப்பு என்றுதான் சட்டம் சொல்லும்.

தையல்கடை பகவதிக்கு முடி கொட்டியது. ரத்தம் எடுத்தாள் வடிவு, எல்லாம் நார்மல் என்று வந்தது, உள்ளதை உள்ளபடி டைப் அடித்துக் கொடுத்தாள். பகவதிக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, பத்தொன்பது வயது, பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தவள். பகவதி அன்றைக்கே பஸ் ஏறிப் போய் ஹாஸ்டலிலிருந்து அவளைக் கூட்டிவந்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். ரோட்டில் பஸ் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வயலில் பாம்பு இருக்கிறது என்று வாசல்படி தாண்டவிடவில்லை. எண்பத்தெட்டாம் நாள் அந்தப் பெண்ணுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குடல்வால் வெடித்து, மறுநாள் காலையில் பாயில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பகவதி லேபுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"குற்றாலத்துல சீசன், ஒரு நாள் கூட்டிட்டுப் போன்னு கேட்டா எக்கா. மாட்டேன்னேன். டவுன்ல ஒரு படம் பாக்கணும்னா. மாட்டேன்னேன். சன்னல்லயே உக்காந்து முட்டுக்குக் கீழ கிடக்குற முடிய வாரி வாரிப் பின்னுவா, அவிழ்ப்பா. சீப்புல ஒத்த முடி ஒட்டாது அவளுக்கு, அவ்வளவு பலம். நீங்க ஏதாவது ஒரு சீக்க எழுதிக் குடுத்திருக்கலாம். எம்புள்ள மூணு மாசம் அருவில குளிச்சிருப்பா."

வடிவு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் கையில் வந்த நார்மல் எதுவும் நார்மலாக வெளியே போகவில்லை. தைராய்டு என்று பொய் எழுதினால் தேவையில்லாத மாத்திரையை விழுங்கி நெஞ்சு படபடத்துக் கிடப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதினாள். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, மிஞ்சிப்போனால் வயிறு கட்டும், வேறு கேடில்லை. லட்டோடு வீட்டுக்குப் போனார்கள், மூன்று மாதம் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், அருவிக்குப் போனார்கள், பிறகு வரவேண்டியது வந்தது. கையெழுத்துப் போடுகிற டாக்டர் எஸ்தர் ஒரு புதன்கிழமை கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல யாருமே கீரை திங்கிறதில்லையா வடிவு?"

"இல்ல டாக்டர்" என்றாள் வடிவு.

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாசி மாதம் முதல் வாரத்தில் வடிவின் ஒரே மகள் சங்கரிக்கு முடி கொட்டத் தொடங்கியது. கொட்டியது என்றால் கொஞ்சநஞ்சமில்லை. தலையணையில் கிடந்தது, ரசத்தில் கிடந்தது, குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடந்தது, மாடத்தி பார்த்தால் இரண்டு விளாம்பழம் தேறும். சங்கரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை மகாராஜன் தென்காசியில் பாலிடெக்னிக் வாத்தியார், ஆவணியில் முகூர்த்தம். அவளாக ஆசைப்பட்டுச் சம்மதம் சொன்ன பையன். நார்மல் என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் அதோடு முடிந்தது.

வடிவு மகளின் கையில் ரப்பர் குழாயைக் கட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நரம்பு தவறியது.

"எம்மா, வலிக்கி."

"இந்தா ஆச்சு, ஆச்சு."

எல்லாம் நார்மல். தைராய்டு சரி, இரும்பு சரி, ஒரு குறையுமில்லை, நல்ல ஆரோக்கியமான பெண். வடிவு மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இரும்புச்சத்துக் குறைவு என்று டைப் அடித்தாள். குற்றாலிங்கம் இரண்டு கிலோ லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்கும் அரைக் கிலோ போயிற்று.

சங்கரி இவ்வளவு முடியை யாருக்காகக் கொட்டுவாள் என்று வடிவு கணக்குப் போட்டாள். தெரு நாய்க்காகக் கொட்டுகிற முடியில்லை அது. ஒன்று மாப்பிள்ளை, இல்லையென்றால் அப்பா. மாப்பிள்ளையோடு தினமும் போனில் பேசி, ஹெல்மெட் போடுங்க, மாடிப்படி பாத்து இறங்குங்க என்று சொல்லி, இந்த அத்தைக்கு என்ன இவ்வளவு பாசம் என்று அந்தப் பையன் கூச்சப்படும்படி ஆக்கினாள். புருஷன் ஆலைக்கு மொபெட்டில் போகக்கூடாது என்று சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். பிறகு பகவதியின் தங்கச்சியை நினைத்துக்கொண்டு, சாவியை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், அவர் சொன்ன பழைய ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள், அவருக்கே சந்தேகம் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

பங்குனி பிறந்து நாலாம் நாள், காலை பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது குற்றாலிங்கம் காபி தம்ளரை வாயிலிருந்து எடுத்துச் சட்டென்று கையால் மூடிக்கொண்டார். வடிவு கையை விலக்கிப் பார்த்தாள். தம்ளர் விளிம்பில் ஐந்தாறு மீசை முடி ஒட்டியிருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மாசி தொடக்கத்துலருந்து" என்றார் அவர். சங்கரி உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லல. மைய வச்சுத் தீட்டிக்கிட்டுப் போறேன். வடிவு, எனக்கு யாருட்டி இருக்கா? நீயும் அவளும்தான். அவளுக்குத்தான் ஏதோ வரப்போவுது. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல." அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது, சட்னிக் கிண்ணம் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது.

அவளுக்குத்தான் கொட்டுகிறதே என்று வடிவு நினைத்தாள். அவளுக்கும் கொட்டுகிறது, இவருக்கும் கொட்டுகிறது. இரண்டு பேரும் அழப்போகிறார்கள், அழுகிறவர்கள் இருக்கப்போகிறவர்கள்தான். ஆகவே அவளுமில்லை, இவருமில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்று என்றால் மாமனாரின் மீசை இந்தப் பாடு படாது. அவள் எழுந்து போய் அலமாரியில் இருந்த தன் சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முடி இல்லை. நேற்று வாரியது, அதற்கு முந்தின நாள் வாரியது, எப்போது கடைசியாகச் சீப்பைத் துடைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், மாசியிலிருந்தே துடைக்கவில்லை. கடையிலிருந்து வாங்கிவந்த அன்றைக்கு இருந்ததுபோல அது சுத்தமாக இருந்தது. ஒரு நாளைக்கு அம்பது நூறு விழணும் என்ற டாக்டரின் குரலும், சீப்புல ஒத்த முடி ஒட்டாது என்ற பகவதியின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் கேட்டன. போய்ச்சேருகிறவர்களுக்குக் கொட்டாது என்பதை இந்த ஊரில் யாருமே கவனிக்கவில்லை. எல்லாரும் அழப்போகிறவர்களின் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீப்பைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது, செத்துப்போவதற்கு யாருக்குத்தான் பயமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஏதோ இறங்கினமாதிரியும் இருந்தது, ஒரு மாதமாக மகளையும் புருஷனையும் மாப்பிள்ளையையும் மாற்றி மாற்றிப் பாடையில் ஏற்றி இறக்கிய மனசு, அப்பாடா என்றது. பிறகுதான் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. வைகாசியில் தாயைப் பறிகொடுத்த பெண்ணுக்கு ஆவணியில் யார் தாலி கட்டுவார்கள்? ஒரு வருஷம் கழியட்டும் என்பார்கள், ஒரு வருஷத்தில் மனசு மாற எத்தனை நாள் இருக்கிறது.

அன்றைக்கே லேபில் தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள், டாக்டரிடம் சொல்லி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் படம் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் நார்மல். "உனக்கென்ன வடிவு, நூறு வயசு இருப்ப" என்றார் டாக்டர் எஸ்தர். முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடரவில்லை, படங்களை மறுபடி ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துத் தேடினார். எங்கே தேடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

குற்றாலிங்கத்துக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் அடித்துக்கொடுத்தாள். ஆலைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் வேறென்ன வரும், தினமும் கால் மணி நேரம் வெயிலில் நில்லுங்க என்றாள். அந்த மனுஷன் ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாளிலிருந்து சட்டையில்லாமல் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "வைட்டமின்டே! வெறும் வைட்டமின்!" என்றார். லட்டு மறுபடி தெரு முழுக்கப் போயிற்று. வடிவும் ஒன்று எடுத்துத் தின்றாள், முந்திரி இருந்தது, நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்தைச் சித்திரை கடைசிக்கு இழுக்க அவள் படாத பாடு பட்டாள். ஆவணியில் மண்டபம் ரிப்பேர் என்றாள், ஜோசியரைச் சரிக்கட்டினாள், சம்பந்தியம்மாளின் மூட்டு வலிக்கு டாக்டரிடம் தானே நின்று மருந்து வாங்கிக்கொடுத்தாள். கடைசியில், "உங்களுக்கு என்னத்தா இவ்வளவு அவசரம்?" என்று அந்தம்மாள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

சங்கரிக்கு அதற்குள் உச்சி தெரிந்துவிட்டது. ஜடை தைக்கச் சவுரி வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாடத்தி கூடையோடு வந்தாள், விதவிதமாக எடுத்துப் போட்டாள், ஒன்றும் சங்கரியின் முடியோடு சேரவில்லை. வடிவு அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள்.

"இது சேரும். வெட்டு."

"கல்யாண வீட்டுல சுமங்கலி முடிய வெட்டச் சொல்லுதிய. கூறு இருக்கா எக்கா?"

"நேர்ந்துக்கிட்டேன். வெட்டுட்டி."

மாடத்தி பின்னலைக் கையில் வாங்கினாள். முப்பது வருஷமாக முடியைத் தவிர வேறெதையும் தொடாத கை. பின்னலை அவிழ்த்து, விரலை உள்ளே விட்டு, அடியிலிருந்து நுனிவரை இழுத்தாள். விரலில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள், கொஞ்சம் பலமாக.

"எக்கா" என்றாள். "பகவதி தங்கச்சிய குளிப்பாட்டையில தலய நாந்தான் அலசுனேன்."

"தெரியும்" என்றாள் வடிவு. "வாய மூடிக்கிட்டு வெட்டு. நாளைக்கு எம்புள்ள தல நெறஞ்சு இருக்கணும்."

மாடத்தி அழுதுகொண்டே வெட்டினாள். கத்தரி நறநறவென்று வெகுநேரம் தின்றது.

மறுநாள் விடிகாலையில் சங்கரி மணையில் உட்கார்ந்தபோது, இடுப்பைத் தாண்டித் தொங்கிய ஜடையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்ததும்தான் குற்றாலிங்கம் பெண்டாட்டி முந்தின நாளிலிருந்து போட்டிருந்த முக்காட்டை விலக்கிப் பார்த்தார். கழுத்தோடு நின்றது முடி. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்தது. பிள்ளை கல்யாணம் நல்லா முடியணும்னு."

மீசை பாதியாகிப்போன அவர் உதடு துடித்தது. பிறகு, கூட்டம் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல், அவள் தலையைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"போவட்டும் விடு. எங்க ரெண்டு பேருக்கும்தான் கொட்டுன கொட்டு. உனக்குத்தான் ஒத்த முடி கொட்டாதே, அந்த ஒண்ணப் பாத்துத்தான் நான் தைரியமா இருக்கேன். ஆவணிக்குள்ள தோளத் தொட்டுரும் பாரு."

"தொட்டுரும்" என்றாள் வடிவு. மணமக்கள் காலில் விழ வந்துகொண்டிருந்தார்கள், அவள் அட்சதையைக் கையில் அள்ளிக்கொண்டாள்.